தர்மாஸ்பத்திரி: யார் செய்த தர்மம்?

விருத்தாசலம் வட்டாரத்தில் முதியோர் பலர் அரசு மருத்துவமனையை இன்றளவும் 'தர்மாஸ்பத்திரி' என்றே வழங்கி வருகின்றனர். மணிமுத்தாற்றின் இரு கரைகளிலும் உள்ள நம் குடியிருப்புகளில் இச்சொல்லைக் கேளாத இளைஞர் இரார். சொல் பழையது. அது பிறந்த காலத்தில் குற்றமற்றதாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் தர்மம் என்ற உடனேயே கொடுப்பவர் ஒருவர், கையேந்துபவர் வேறொருவர் என்ற எண்ணம் உள்ளத்தில் குடிகொண்டு விடுகிறது. தர்மம் பெறுபவர் கேள்வி கேட்டல் ஆகாது. காத்திருக்கச் சொன்னால் காத்திருக்க வேண்டும். மருந்து இல்லையெனில் திரும்பிப் போக வேண்டும். மருத்துவர் முகம் பாராமல் சீட்டு எழுதினாலும் கும்பிட்டு வர வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன இந்த மனப்பான்மைக்கு அடிப்படை ஏதும் உண்டா, அந்த ஆஸ்பத்திரிக்கு உண்மையில் பணம் கொடுத்தவர் யார் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் மருத்துவத்திற்கு என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டை நாள்தோறும் புரட்டுவோர்க்கு விடை தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நன்கு படித்த மாணவன் திடீரென வராமற் போகிறான். ஆள் அனுப்பி விசாரித்தால், தந்தைக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், தனியார் மருத்துவமனைக்குத் தண்டல்காரரிடம் கடன், கடனை அடைக்கப் பையன் சூளை வேலைக்குப் போயிருக்கிறான் என்ற செய்தி வரும். நம் பணிக்காலத்தில் இவ்வாறு படிப்பை இழந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதப் புகுந்தால் இம்மலரில் இடம் போதாது. கல்வி உதவித்தொகை, விடுதி, இலவசப் பாடநூல் ஆகிய அனைத்தும் கிடைத்தும், வீட்டிற்கருகில் நம்பத்தக்க மருத்துவர் ஒருவர் இல்லாமையால் படிப்பு பாழாகிறது. எனவே இப்பொருள் நம் கழகத்திற்கு அந்நியமானது அன்று.

முதலில் 'குடும்ப டாக்டர்' என்னும் பெயருக்கு உரியவரைக் காண்போம். நாற்பது ஐம்பது ஆண்டுகட்கு முன் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் எல்.எம்.பி. பட்டயம் பெற்ற மருத்துவர்கள் இருந்தனர். கடைத்தெருவில் ஓர் ஓட்டு வீடு, முன்னறையில் மரப்பெஞ்சு, திரைக்குப் பின்னால் கம்பவுண்டர். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் கண்ணாடிப் புட்டியில் சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டக் காகிதத்தைப் பல்போல் வெட்டிப் புட்டியின் மேல் ஒட்டித் தருவார் கம்பவுண்டர். மருத்துவருக்கு அக்குடும்பத்தின் மூன்று தலைமுறையும் தெரியும். பாட்டனுக்கு ஆஸ்துமா, மருமகளுக்கு இரத்தசோகை, பேரனுக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதெல்லாம் ஏட்டைப் பாராமலே கூறுவார். மக்கள் அவரைக் 'கைராசிக்காரர்' என்றனர். நம் கருத்தில் அந்தக் கைராசி என்பது பெரும்பாலும் இந்த நினைவாற்றலே. நெடுங்காலம் அறிந்த நோயாளியின் உடல்நிலையில் சிறு மாறுதல் ஏற்படினும் அதனை அவரால் கண்டுகொள்ள முடிந்தது.

இத்தகைய மருத்துவர் எல்லாருக்கும் இருந்தாரா என்பதே வினா. ஊர்த்தெருவில் நிலமும் கையில் ரொக்கமும் உடைய குடும்பங்கட்கு அவர் குடும்ப டாக்டர். இரவில் வண்டி அனுப்பினால் வீட்டிற்கு வருவார். தீபாவளிக்கு வேட்டி துண்டும் பலகாரமும் அவருக்குப் போகும். சேரியில் வாழ்ந்த கூலி விவசாயிக்குக் கையில் காசு புழங்குவது அறுவடைக் காலத்தில்தான். நோயோ ஆடி மாதத்தில் வரும். நாட்டு வைத்தியருக்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும் களத்து நெல்லை அளந்து கணக்குத் தீர்க்கலாம். ஆங்கில மருத்துவர் நெல்லுக்குக் கட்டுப்படமாட்டார். ஆகவே நம் முன்னோர் வைத்தியரின் திண்ணையை விட்டுத் தர்மாஸ்பத்திரியின் வாயிலுக்குச் சென்றனர்.

இதனால் நம் சமுதாயத்தில் மருத்துவ அறிவே இருந்ததில்லை என எவரும் எண்ணலாகாது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) எழுத்தாளரும் பௌத்த அறிஞரும் என்பதைப் பலர் அறிவர். அவர் சித்த மருத்துவம் செய்து வாழ்ந்தவர் என்பதைச் சிலரே அறிவர். சென்னை இராயப்பேட்டையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவு இருந்தது. மேனாட்டு மருத்துவம் அரசின் ஆதரவுடன் வந்தபோது, அதன் கதவு நமக்குத் திறக்கப்பட்ட விதத்தில்தான் வேறுபாடு இருந்தது.

அவ்வேறுபாடு எத்தகையது என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கத்தியவாரில் பணியாற்றிய நம்மவர் ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12இல் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அவருடைய மனைவி குழந்தை பெற்ற இரண்டாம் நாளே நோயுற்றார். அழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகக் கூறினார். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கெஞ்சி, அவர் மூலம் இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்கு உறுதி தரப்பட்டது. பச்சைக் குழந்தையோடு தாயை வெளியே கொணர்ந்தனர். மருத்துவர் வெப்பமானியைத் தம் கையால் நோயாளிக்குத் தரவில்லை. ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் அதனைப் பார்த்து நிமோனியா என்று கூறிவிட்டு மருத்துவர் போய்விட்டார். மறுபடி அழைத்தபோது வரவில்லை. அந்தத் தாய் இறந்தார்.

இளைஞர்களே, இங்கு ஒன்றைக் கருதுக. அந்த ஆசிரியர் இலவசம் கேட்கவில்லை. கட்டணம் உண்டு, படிப்பு உண்டு, அரசுப் பணியைப் போன்ற மதிப்பான பணியும் உண்டு. பணம் மட்டும் கையில் இருந்தால் குடும்ப டாக்டர் கிடைத்துவிடுவார் என்பது நம் வரையில் பொய்த்துப்போயிற்று. ஆகவே, பொதுப்பணத்தால் நடப்பதும், எவரையும் திருப்பி அனுப்பும் உரிமை தனக்கில்லாததுமான மருத்துவ நிலையம் மற்றவரைக் காட்டிலும் நமக்கே இன்றியமையாததாக அமைந்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தீண்டாமையின் பேரால் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஒருவரைச் சேர்க்க மறுத்தல் தண்டனைக்குரியது என அதன் ஐந்தாம் பிரிவு தனியே விதிக்கிறது. தனியே ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது என்பதே அந்நாளைய நிலைக்குச் சான்று.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறும்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன். காசு கொடுப்பவன் அக்கணக்கில் இல்லை. அக்காலத்தில் அது தேவைப்படவில்லை போலும். இக்காலத்தில் அந்த ஐந்தாம் உறுப்பே மற்ற நான்கையும் ஆட்டிப் படைக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டின் தலநிதிச் சட்டமும், அதனை மாற்றியமைத்த 1884ஆம் ஆண்டின் தல ஸ்தாபனச் சட்டமும் சாலை, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றிற்கு வருவாய் தேடித்தந்தன. நிலத்தின் மதிப்பில் ரூபாய்க்கு ஓரணா அளவிற்கு நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு மேல்வரி வாங்கப்பட்டது. சுங்கச்சாவடிகளில் மாட்டுவண்டிக்குக் கட்டணம், சந்தையில் கடைக்குக் கட்டணம், துறைகளில் ஓடத்திற்குக் கட்டணம் ஆகியனவும் இந்நிதியில் சேர்ந்தன. தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் இந்நிதியைக் கொண்டே மருந்தகங்களை நடத்தின. தர்மாஸ்பத்திரி எனப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இவையே.

மேல்வரியைக் கட்டியவர் நிலக்கிழார் எனப் பதிவேடு கூறும். ஆனால் அதில் ஒரு பகுதியைக் குடியானவரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டமே வழி செய்தது. குடியானவர் அதனை எங்கிருந்து எடுப்பார்? களத்தில் கூலியாக அளக்கும் மரக்காலில் எடுத்தார். நாற்று நட்டவரும் அறுத்தவரும் போரடித்தவரும் நம் முன்னோர். அவர்தம் பெயரில் பட்டா இல்லை. ஆகவே வரி ஏட்டில் அவர் பெயரும் இல்லை. அவர்தம் உழைப்பு அந்த ஓரணாவில் இருந்தது. இதனைத் தர்மம் என்று அழைத்தவர் யார் என்று தெரியவில்லை. கொடுத்தவர்க்கே திருப்பித் தருவதற்குத் தர்மம் என்று பெயரிட்டதைத் தமிழின் விந்தைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரட்டையாட்சி வந்தபோது மருத்துவமும் தலசுயாட்சியும் மக்களுக்குப் பொறுப்பான அமைச்சர் கைக்கு மாறின. நீதிக்கட்சியின் பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்தார். அவர் காலத்தில், 1924ஆம் ஆண்டில், கிராம மருத்துவ உதவித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. முழுச் சம்பளம் கொடுத்து ஊர்தோறும் மருத்துவரை அமர்த்த அரசிடம் பணம் இல்லை. ஆகவே, கிராமத்தில் குடியேறித் தொழில் செய்ய முன்வரும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் ஒரு மானியமும் மருந்துச் செலவும் அளிப்பது. அதற்கு ஈடாக அவர் ஏழைகட்கு இலவசமாக மருத்துவம் செய்வது. வசதியுடையோரிடம் தம் கட்டணத்தை வாங்கிக்கொள்வது. இதுவே ஏற்பாடு. அரசு மருத்துவரும் அல்லர், முற்றிலும் தனியாரும் அல்லர். பாதிப் பொதுப்பணத்தில் வாழும் குடும்ப டாக்டர்!

இத்திட்டத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். மருத்துவர் நகரத்தை விட்டு வரமாட்டார் என்று கைகட்டி இராமல், வருவதற்கு வழி தேடினார்கள். ஆயினும் அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. மானியம் சிறிது, வயிறு நிறைவது கட்டணத்தால்தான். எனவே மருத்துவரின் வீடும் மருந்தகமும் கட்டணம் தரவல்ல ஊர்த்தெருவிலேயே அமையும். இலவசத்திற்கு உரியவர் வெயில் ஏறும் வரை வெளியில் நிற்பார். கட்டணத்திற்கு உரியவர் உள்ளே போவார். ஒருவருக்கே இரண்டு வகை நோயாளிகள் இருந்தால், பணம் எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கம் நாற்காலி நகரும்.

மேலும், ஊர்த்தெருவிற்குள் நம்மவர் நடக்கலாமா என்பதே அன்று தீராத வினாவாக இருந்தது. அதே 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை என்பதே அத்தீர்மானம். அடுத்த மாதமே அரசாணையும் பிறந்தது. வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் கூறும். நம் சமுதாயத்தார் இவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். மருத்துவரை ஊருக்குக் கொணர்ந்தது ஒன்று; அவர் வீட்டு வாசல் வரை செல்லும் தெருவைத் திறக்க முயன்றது மற்றொன்று. இரண்டாவது இன்றி முதலாவது நமக்கு ஏட்டுச் சுரைக்காய்.

கட்டணம் வாங்காத குடும்ப டாக்டர் உலகில் எங்கேனும் உண்டா? உண்டு. அதனைக் கண்டவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே என்பது அறியத்தக்கது. பிரிட்டனின் வேல்சு பகுதியில் திரெடிகர் என்னும் சுரங்க ஊர் உள்ளது. நிலக்கரித் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளரும் 1890ஆம் ஆண்டில் அங்கு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் கண்டனர். ஒரு பவுன் கூலிக்கு மூன்று பென்னி வீதம் சங்கத்திற்குச் செலுத்துவர். சங்கம் மருத்துவர்களை அமர்த்தும். நோயுற்ற நாளில் எவரும் காசு எடுக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டில் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மட்டும் மருத்துவரைத் தந்தது. அவர் மனைவி மக்களை விட்டுவிட்டது. திரெடிகரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து அச்சங்கத்தைக் கண்டு வளர்ந்த அனூரின் பெவன் பின்னர் அமைச்சரானார். 1948 சூலை 5ஆம் நாள் நாடு முழுமைக்குமான நலப்பணியைத் தொடங்கினார். குடும்ப டாக்டரின் பட்டியலில் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்துகொள்வர். பட்டியலில் உள்ள தலைக்கு இவ்வளவு என ஆண்டுதோறும் அரசு மருத்துவருக்குப் பணம் தரும். செலவு வரிப்பணத்திலிருந்து வரும். மருத்துவர்களின் சங்கம் முதலில் கடுமையாக எதிர்த்தது. மக்களோ பட்டியலில் பெயர் எழுத வரிசையில் நின்றனர். அங்கு எவரும் அதனைத் தர்மாஸ்பத்திரி என்று சொல்லவில்லை, 'எங்கள் பணி' என்றனர்.

அதே காலத்தில் இந்தியாவிலும் இவ்வெண்ணம் அரும்பியது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த சர் ஜோசப் போர் குழுவில் நம் மாகாணத்து டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். பணம் தர இயலாமையால் எவரும் மருத்துவத்தை இழத்தல் கூடாது என்பதை அக்குழு அடிப்படைக் கொள்கையாக வகுத்தது. நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அரசுச் சம்பளம் பெறும் முழுநேர மருத்துவர், அவர்க்குத் தனித்தொழில் கூடாது என்பன அதன் பரிந்துரைகள். பனகல் அரசரின் திட்டத்தில் நாம் கண்ட இரட்டை நாற்காலி இங்கு நீக்கப்பட்டது. ஆனால் அக்குழுவின் பெரும்பான்மையோர், இனி ஒரே தரமுடைய பட்டதாரி மருத்துவர் போதும், எல்.எம்.பி. படிப்பு வேண்டா என்றனர். குழுவிலேயே சிலர் மாறுபட்டனர். பின்னர் அப்படிப்பு மறைந்தது. தரம் உயர்ந்தது; சிற்றூரில் தங்கும் மருத்துவர் குறைந்தனர். இம்முடிவு நன்றா தீதா என்று இன்றும் வாதிடலாம். நம் கருத்தில், கிராமத்திற்கு மாற்று ஏற்பாடு முழுமை பெறுமுன் இருந்ததை எடுத்தது அவசரமாகும்.

1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் ஓர் உறுப்பாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. ஒரு வட்டாரத்திற்கு ஒன்று என்பதே முதல் அளவு. அஃதாவது ஏறத்தாழ ஓரிலட்சம் பேருக்கு ஒன்று. 1978இல் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி 'அனைவர்க்கும் நல்வாழ்வு' என்று முழங்கிய பிறகே, சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம், ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற அளவு வந்தது. 1980களில் டென்மார்க்கு நாட்டின் உதவியுடன் நடந்த நலத்திட்டம், அந்நாளைய தென்னாற்காடு மாவட்டத்தையும் சேலம் மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்தது. கிராமச் செவிலியர் தங்கும் துணை நிலையக் கட்டடங்கள் பல அதனால் நம் பகுதியில் எழுந்தன. 'நர்சம்மா' என்று நம் தாய்மார் அழைக்கும் அந்தச் செவிலியரே நம் குடியிருப்புகளுக்குள் முதன்முதலாக வீடு வீடாக வந்த மருத்துவப் பணியாளர். குடும்ப டாக்டர் என்னும் பெயர் யாருக்கேனும் பொருந்துமானால், அது அவருக்கே பொருந்தும் என்பது நம் துணிபு.

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அரசியலமைப்பின்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. சென்னை மாகாணத்தின் வருவாயில் பெரும்பங்கு ஒரு காலத்தில் கள், சாராயத் தீர்வையாக இருந்தது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அவ்வருவாய் குறையலாயிற்று. அதை ஈடு செய்ய 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அன்று முதல், கடையில் சாமான் வாங்கும் ஒவ்வொருவரும் வரி செலுத்துபவரே. 2017 சூலை முதல் அது சரக்கு சேவை வரியாக மாறியுள்ளது. வருமான வரி கட்டுபவர் மட்டுமே வரி கட்டுகிறார், மற்றவரெல்லாம் அவர் தயவில் வாழ்கிறோம் என்று சிலர் பேசக் கேட்கிறோம். பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சுவார்க்கும் பெண் தொழிலாளி செருப்பு வாங்கினாலும், கைப்பேசிக்குப் பணம் போட்டாலும் வரி செலுத்துகிறார். அவர் கூலியில் சேமிப்பு இல்லை, வருவதெல்லாம் செலவாகிறது. அதனால் பணக்காரரைக் காட்டிலும் அவர் வருவாயில் கூடுதல் பங்கு இவ்வரிக்குப் போகிறது.

மதுவின் கதையோ இன்னும் கொடியது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2023–24ஆம் ஆண்டில் அதனால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கடுத்த ஆண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 20,000 கோடி. நம் தெருக்களில் மாலையில் நிகழ்வதை அறிந்தவர்கள் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க. இக்குடிப்பழக்கத்தை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தோம். ஆனால் குடித்துக் கல்லீரல் கெட்டவன் மருத்துவமனைக்குச் செல்லும்போது 'தர்மத்திற்கு வந்தவன்' எனப்படுவானாயின், அவன் முன்னரே செலுத்திய தொகை எங்கே போயிற்று என்று கேட்பது முறையே.

இனி நம்மவரிடம் உள்ள சில எண்ணங்களைச் சற்றுக் கடிந்து கூற வேண்டியுள்ளது. 'காசு கொடுக்காத மருந்து கேட்காது' என்பது முதலாவது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, பின்னரே நிலையங்களுக்கு அனுப்பும் முறையை அது கண்டது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. 'விற்பனைக்கு அன்று' என அச்சிட்ட அட்டையிலுள்ள மாத்திரையும், கடையில் நூறு ரூபாய்க்கு விற்கும் மாத்திரையும் பெரும்பாலும் ஒரே மருந்தே; பெயரும் விலையுமே வேறு. 'ஊசி போடாத டாக்டர் டாக்டரா' என்பது இரண்டாவது. ஊசிக்கும் குளுகோசுக்கும் ஆசைப்பட்டு, பட்டம் இல்லாதவரிடம் சென்று இருநூறு முந்நூறு கொடுத்து வருவோர் நம் தெருவில் உளர். 'பெரிய டாக்டரிடமே போய்விடுவோம்' என்பது மூன்றாவது. தலைவலிக்கு நரம்பியல் நிபுணர், நெஞ்செரிச்சலுக்கு இதய நிபுணர் எனக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பேருந்து ஏறுகிறோம். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பைப் பார்த்து அனுப்புகின்றனர். முழு மனிதனைப் பார்க்க ஆளில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போவது மானக்குறைவு என்பாரும் உண்டு. பத்தாண்டு அமைச்சராக இருந்த நம் கக்கன் அவர்கள், பதவி போன பின் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளியாகச் சிகிச்சை பெற்றதைத் தமிழகம் அறியும். அதில் அவருக்கு மானக்குறைவு தோன்றவில்லை. வெட்கப்பட வேண்டியிருந்தால், அவரைக் கவனியாது விட்டோரே வெட்கப்பட வேண்டும்.

குடும்ப டாக்டரையும் பொதுநிதியையும் இணைத்துப் பார்த்த தமிழர் ஒருவரை இங்குக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. அரசுப் பணியில் புகழ்பெற்ற பேராசிரியராக விளங்கிய டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் சென்னை அடையாற்றில் தன்னார்வ நலப்பணி நிறுவனத்தைத் தொடங்கினார். நோய் வந்த பின் கட்டணம் வாங்குவதற்கு மாறாக, குடும்பத்தின் வருவாய்க்கேற்ப ஆண்டுச் சந்தா. சந்தா செலுத்திய குடும்பத்தார்க்கு உடற்பரிசோதனையும் மருத்துவமும் என வகுத்தார். சுற்றியிருந்த சிற்றூர்களில் சிறு நல மையங்களையும் நிறுவினார். ஏழையும் தன்னால் இயன்ற ஒரு சிறு தொகையைக் கொடுத்தால்தான் உரிமையோடு கேட்பான் என்பது அவர்தம் எண்ணம். நாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. ஏழை ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டான் என்பதே நம் வாதம். எனினும் நோய்க்கு முன்பே பணமும், மருத்துவமனைக்கு முன்பே மருத்துவரும் வேண்டும் என்ற அவர் பார்வை போற்றற்குரியது.

அண்மைக் காலத்தில் பணம் வேறு திசையில் பாய்கிறது. 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் உயர்சிகிச்சைக் காப்பீடும், 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும் பல ஏழைகளின் உயிரைக் காத்துள்ளன. இதயத்தில் துளையுள்ள நம் மாணவர் பிழைத்ததை நாமே கண்டோம். ஆனால் அவ்வட்டை அறுவைக்கும் படுக்கைக்கும் உரியது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மாதந்தோறும் வாங்க வேண்டிய சர்க்கரை மருந்துக்கும் தனியாரிடம் அது செல்லாது. குடும்பங்களை மெல்ல மெல்லக் கடனில் ஆழ்த்துவன இச்சிறு செலவுகளே. 2017ஆம் ஆண்டின் தேசிய நலக்கொள்கை, அரசின் நலச்செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலை மருத்துவத்திற்குச் செல்ல வேண்டும் என்று கூறியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் நலத்திற்குச் செலவிடுவது அதன் இலக்கு. அவ்விலக்கு எட்டப்படவில்லை.

நம் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நெய்வேலிப் பகுதியின் களிமண்ணால் வளர்ந்தது விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். குவார்ட்சு, பெல்சுபார் முதலிய கற்பொடிகளைக் களிமண்ணோடு கலக்கும்போது எழும் நுண்தூசி, ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயை விளைக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக அது பட்டியலில் இடம் பெற்றது. இருமலும் மூச்சிரைப்பும் மெலிவும் காசநோயை ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவது எளிது. 'என்ன வேலை செய்கிறாய், எத்தனை ஆண்டாகச் செய்கிறாய்' என்று கேட்கும் மருத்துவரே வேறுபாட்டைக் காண்பார். அவ்வினாவைக் கேட்க நேரமும் பழக்கமும் வேண்டும்.

தொழிலாளர்க்கென ஈ.எஸ்.ஐ. உண்டு. 1948இல் சட்டமாகி 1952இல் நடைமுறைக்கு வந்தது. 2019 சூலை முதல் முதலாளி கூலியில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்தும் விகிதம் வந்தது. வேல்சு சுரங்கத் தொழிலாளரின் மூன்று பென்னிக்கு இது தம்பி முறை. இதில் குடும்பத்தாரும் அடங்குவர். ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்பதே பொது வரம்பு. அகல்விளக்கும் பொம்மையும் செய்யும் சிறு கூடங்களில் ஐவரும் அறுவருமே உள்ளனர். அத்தொழிலாளர் ஈ.எஸ்.ஐ.க்கும் வெளியே, காப்பீட்டு அட்டைக்கும் பாதி வெளியே. அவர்க்கு எஞ்சுவது ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றே.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து தருகின்றனர். நம் சிறுவயதில் கண்டறியாத காட்சி இது. அவ்வாறு வருபவரிடம், தூசி வேலை செய்வோரின் பெயர்ப்பட்டியலை நம் கழகத்து இளைஞர்கள் தாமே எழுதித் தரலாம். இருமலும் மூச்சிரைப்பும் உடையவரை நிலையத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் செய்த வேலையையும் ஆண்டுகளையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லலாம். கிராம சுகாதாரக் குழுவிற்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதி தேசிய ஊரக நலத்திட்டத்தில் வகுக்கப்பட்டது. ஊராட்சித் தலைவரும் கிராமச் செவிலியரும் அக்குழுவில் பொறுப்புடையவர்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராமசபை கூடுகிறது. அந்நிதியின் வரவு செலவையும், துணை நிலையம் திறந்திருக்கும் நேரத்தையும், செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா என்பதையும் அங்குக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்ய எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வர மறத்தல் வேண்டா.